கூடுதலாக ஒரு ‘போய்’

கண்ணாடிக்காரர் வீட்டில் அந்தத் தகரப் பெட்டிக்குக் ‘கப்பல்’ என்று பெயர். எப்போதோ பிஸ்கட் வந்த பெட்டி. மூடியில் இருந்த படம் தேய்ந்துபோய் வெறும் தகரமாகிவிட்டது. உள்ளே இருந்தவை, கண்ணாடிக்காரரின் மனைவிக்குக் கல்யாணத்துக்கு முன்னால் ஒருவன் எழுதிய கடிதங்கள். எழுதியவன் சரக்குக் கப்பலில், எஞ்சின் அறையில் வேலை பார்த்தவன். அதனால் அவனுக்குக் கப்பல்காரன் என்றும் பெட்டிக்குக் கப்பல் என்றும் பெயர் வைத்தவர் சாட்சாத் கண்ணாடிக்காரரேதான்.

கல்யாணமான முதல் வருஷத்திலேயே மனைவி எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். ஒருவனை விரும்பினேன், கைவிட்டுப் போய்விட்டான், அந்தக் கோபத்தில்தான் வீட்டில் காட்டிய முதல் மாப்பிள்ளைக்குச் சரி என்றேன், அது நீங்களாகப் போய்விட்டீர்கள், கடிதங்களைக் கிழிக்க மனசு வரவில்லை, கிழிக்கச் சொன்னால் கிழிக்கிறேன். இவ்வளவையும் வெங்காயம் நறுக்கிக்கொண்டே சொன்னாள். அதனால் அழுதாளா, வெங்காயமா என்று கடைசிவரை தெரியவில்லை.

கண்ணாடிக்காரர் கேட்டு முடித்துவிட்டு, “உன் கோபத்துக்கு என் நன்றியைச் சொல்லிடு” என்றார். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். வாயை அகலத் திறந்து, பல் அத்தனையும் தெரிய, அக்கம்பக்கத்தைப் பற்றிக் கவலையே இல்லாமல் சிரிக்கிற சிரிப்பு அது. அந்தச் சிரிப்பைத் தான்தான் கண்டுபிடித்ததாக அன்றிலிருந்து அவருக்கு ஓர் எண்ணம்.

இதையெல்லாம் வைத்து அவரைப் பெரிய மகான் என்று நினைத்துவிட வேண்டாம். பெட்டியைத் திறந்து பார்க்கக் கை அரித்த நாட்கள் உண்டு. ஆனால் திறக்காமல் இருப்பதில்தான் தன் கௌரவம் இருக்கிறது என்று முடிவு கட்டியிருந்தார். வீட்டுக்கு வெள்ளையடிக்கும்போதெல்லாம் கப்பல் அலமாரி உச்சியிலிருந்து இறங்கும், தூசி தட்டப்படும், மறுபடி ஏறும். “உள்ள தண்ணி போகாம பாத்துக்கம்மா” என்று ஒரு கிண்டல், “உங்க வேலையைப் பாருங்க” என்று ஒரு பதில். மகள் பிறந்து, வளர்ந்து, கல்யாணமாகி வேறு ஊருக்குப் போகும்வரை அந்தப் பெட்டியில் பழைய ரசீதுகள் இருப்பதாகவே நம்பிக்கொண்டிருந்தாள்.

அவருடைய மூக்குக் கண்ணாடிக் கடை, கடைத்தெரு வளைகிற இடத்தில், மருந்துக் கடைக்கும் சாவி வெட்டித் தருகிறவருக்கும் நடுவில் ஒடுங்கிக் கிடந்தது. இரண்டு சுவர்களிலும் பிரேம்கள். பிரேம்களுக்கு நடுநடுவே முகம் பார்க்கும் கண்ணாடித் துண்டுகள். உள்ளே வருகிறவர் தன் முகத்தைத் துண்டு துண்டாகப் பார்த்துக்கொண்டுதான் வர வேண்டும். கடைக்கோடியில் கண் சோதிக்கிற எழுத்து அட்டை, எதிரே உயரம் கூட்டிக் குறைக்கிற நாற்காலி. வெறும் பிரேமை வந்தவர் மூக்கில் மாட்டி, லென்ஸை ஒவ்வொன்றாகப் போட்டெடுத்து, “இது தெளிவா இருக்கா, முன்னாடி போட்டது தெளிவா இருந்ததா?” என்று கேட்பதுதான் அவருடைய பிழைப்பு. மனிதர்கள் இந்தக் கேள்விக்குச் சட்டென்று பதில் சொல்ல மாட்டார்கள். தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்று பயப்படுவார்கள். “பரீட்சை இல்லீங்க இது, மனசுல பட்டதைச் சொல்லுங்க” என்பார்.

மனைவி, எழுத்து மங்குகிறது என்றபோது பவரைக் கூட்டினார். மறுபடி மங்குகிறது என்றாள், மறுபடி கூட்டினார். ஓரங்களில் பார்வை சுருங்கிக்கொண்டு வந்ததை அவள் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. பெரிய டாக்டரிடம் போய்ச் சேர்ந்தபோது, கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பு போய்விட்டது, இனிமேல் லென்ஸால் ஆகக்கூடியது ஒன்றுமில்லை என்றுவிட்டார். இப்போது அவளுக்கு ஜன்னல் எந்தப் பக்கம் இருக்கிறது என்பது மட்டும் தெரியும். எதற்கும் ஒரு கிண்டல் வைத்திருக்கிற கண்ணாடிக்காரருக்கு இந்த ஒரு விஷயத்தில் மட்டும் வாய் அடைத்துப்போகும். டாக்டரிடமிருந்து திரும்பிய அன்று அவர் கடைக்குள் போய் ஷட்டரை உள்பக்கமாக இறக்கிக்கொண்டு அழுதார். அதை அவளிடம் இன்றுவரை சொன்னதில்லை.

அவர் காலையில் கடைக்குக் கிளம்பும்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு “வரேன்” என்பார். உள்ளேயிருந்து “போயிட்டு வாங்க” என்று குரல் வரும். கண் போன பிறகு அவள் அந்தக் குரலோடு கதவுவரை வந்து நிற்பதை வழக்கமாக்கிக்கொண்டாள்.

அப்படி இருக்கும்போதுதான் மச்சானிடமிருந்து போன் வந்தது. மச்சான் என்றால் மனைவியின் அண்ணன், பழைய கதையெல்லாம் தெரிந்தவர். வெயிலைப் பற்றியும் முட்டிவலியைப் பற்றியும் சுற்றி வளைத்துப் பேசிவிட்டு, கடைசியில் விஷயத்துக்கு வந்தார். வங்கியில் வரிசையில் நின்றபோது கப்பல்காரரைப் பார்த்தாராம். அவருக்கும் வயசாகித் தள்ளாமை வந்துவிட்டதாம். தங்கைக்குக் கண் போனதைக் கேட்டதும், ஒரே ஒரு தடவை வந்து பார்த்துவிட்டுப் போகலாமா, அவள் வீட்டுக்காரர் சம்மதித்தால் மட்டும், என்று கேட்டாராம். “நீங்க வேணாம்னா நான் ஏதாவது சொல்லி மழுப்பிடறேன் மாப்பிள்ளை” என்றார் மச்சான்.

“இதுல மழுப்ப என்ன இருக்கு, வரட்டும்” என்று வாய் பாட்டுக்குச் சொல்லிவிட்டது. போனை வைத்த பிறகு, கையில் இருந்த பிரேமில் ஸ்க்ரூவைப் பூட்ட முடியவில்லை. கடுகளவு ஸ்க்ரூ. மூன்று தடவை தரையில் போட்டுத் தேடினார்.

சாப்பிடும்போது மனைவியிடம் சொன்னார். அவள் சாப்பிட்டு முடித்து, தட்டைத் தடவி எடுத்துக்கொண்டு போய்க் கழுவி வைத்துவிட்டு வந்து, ஞாயிற்றுக்கிழமை வரட்டும் என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, “அதுக்கு முன்னாடி கப்பலை இறக்குங்க” என்றாள்.

அவர் அலமாரி உச்சியைப் பார்த்தார்.

“ஒரு தடவை படிச்சுக் காட்டுங்க. எதுல என்ன எழுதியிருந்தார்னு எல்லாம் மறந்துபோச்சு. ஏன் விட்டுட்டுப் போனீங்கன்னு கேட்கணும்னா, என்ன சொல்லிட்டுப் போனார்னு சரியாத் தெரிய வேணாமா?”

அந்த ஒன்றைக் கேட்டுவிட வேண்டும் என்பதற்காகத்தான் இத்தனை வருஷமும் அந்தப் பெட்டியை வைத்திருந்தேன் என்றாள். மகளை வரவழைத்துப் படிக்கச் சொல்லலாமே என்று அவர் ஒப்புக்குச் சொல்லிப் பார்த்தார். பெற்ற பெண்ணிடம் எந்த முகத்தை வைத்துக்கொண்டு கேட்பது என்றாள். “உங்களை விட்டா எனக்கு யாரு படிப்பாங்க?” என்றும் சொன்னாள். அவர் எழுந்தார். முக்காலியில் ஏறிக் கப்பலை இறக்கினார்.

சனிக்கிழமை மத்தியானம் ஜன்னலோரம் உட்கார்ந்து படிக்கத் தொடங்கினார். மெல்லிய நீலத் தாள்கள். சிலவற்றின் ஓரத்தில் எஞ்சின் எண்ணெய் படிந்த கட்டைவிரல் ரேகை. கப்பல்காரன் காதல் வசனம் எழுதுகிறவனாக இருப்பான், ஒரு சிரிப்பு சிரித்துவிட்டுப் போகலாம் என்று கண்ணாடிக்காரர் நம்பிக்கொண்டிருந்தார். அது நடக்கவில்லை. எஞ்சின் அறையின் சூடு, உப்பைச் சர்க்கரை என்று நினைத்துத் தேநீரில் போட்ட சமையல்காரர், பக்கத்துக் கட்டிலில் தூக்கத்தில் தன் மாட்டின் பெயரைச் சொல்லி அழைக்கும் கிழவர் என்று அவன் பாட்டுக்கு எழுதியிருந்தான். படிக்கப் படிக்க, இந்தப் பயலோடு ஒரு நாள் உட்கார்ந்து தேநீர் குடித்திருக்கலாம் போல இருந்தது. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

நடுவில் ஒரு கடிதத்தில் இப்படி இருந்தது: ‘நீ சிரிக்கும்போது ஏன் கையால் வாயை மூடிக்கொள்கிறாய்? இனிமேல் மூடாதே. நன்றாகத் திறந்து சிரி.’

கண்ணாடிக்காரர் அந்த வரியை வாய்விட்டுப் படித்துவிட்டு, மனசுக்குள் இன்னொரு தடவை படித்தார். அவள் வாயை மூடிச் சிரித்து அவர் ஒரு நாளும் பார்த்ததில்லை. பிறகு மேலே படித்தார்.

எல்லாக் கடிதங்களும் ‘மற்றவை அடுத்த கடிதத்தில்’ என்று முடிந்தன. கடைசிக் கடிதம் மட்டும் வேறு மாதிரி. பாதித் தாள், அவசரக் கையெழுத்து. வீட்டில் மாப்பிள்ளை பார்க்கிறார்கள், என்ன செய்யட்டும் என்று அவள் எழுதியதற்கு வந்த பதில் அது. அவர் தன் பாட்டுக்குப் படித்தார்.

‘உன் கடிதம் கிடைத்தது. விஷயம் தெரிந்தது. பதறாதே. வீட்டில் யாரோடும் சண்டை போடாதே. இனிக் கடிதம் எழுத வேண்டாம், எழுதினாலும் என் கைக்கு வராது. உடம்பைப் பார்த்துக்கொள். நான் வருகிறேன்.’

மனைவி சட்டென்று நிமிர்ந்தாள். “நிறுத்துங்க” என்றாள். “கடைசியில என்ன படிச்சீங்க?”

“ஏன், சரியாத்தானே படிச்சேன்?”

“திரும்பப் படிங்க.”

அவர் தாளைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். அப்போதுதான் அவருக்கு அது உறைத்தது.

நம் ஆட்களுக்குப் ‘போகிறேன்’ என்று சொல்லிவிட்டுக் கிளம்ப வாய் வராது. அப்படிச் சொன்னால் ஒரேயடியாகப் போகிற மாதிரி ஆகிவிடுமாம். அதனால் வாசலை விட்டு இறங்குகிறவனும் ‘வரேன்’ என்கிறான், வாசலுக்கு வந்துகொண்டிருக்கிறவனும் ‘வரேன்’ என்கிறான். நேரில் இதில் குழப்பமே இல்லை. ஆள் முகத்தைக் காட்டுகிறானா முதுகைக் காட்டுகிறானா என்று தெரிகிறதே. பாதித் தாளில் முகமும் இல்லை, முதுகும் இல்லை.

அடுத்த கடிதம் உண்டு என்ற வழக்கமான வரி இல்லை. இனி எழுதாதே என்று வேறு இருந்தது. அவள் அதை விடைபெறுதலாகப் படித்தாள். கோபம் தலைக்கேறி, முதலில் வந்த மாப்பிள்ளைக்குத் தலையை ஆட்டினாள். கண்ணாடிக்காரருக்கோ அந்தக் கோபம் எதுவும் இல்லை. முதல் தடவையாகப் படிக்கிறவர். அதனால், பதறாதே நான் வந்துகொண்டே இருக்கிறேன் என்று ஒருவன் சொல்வது போல, குரலைக் கொஞ்சம் தூக்கிப் படித்துவிட்டார். இரண்டில் எது சரி என்று அவருக்கும் நிச்சயமில்லை. ஆனால் தான் படித்ததுதான் சரி என்று மனசுக்குப் பட்டுவிட்டது.

“என்னங்க, கடைசி வரி?” என்றாள்.

அவள் முகத்தைப் பார்த்தார். ஜன்னல் வெளிச்சம் பட்டுக்கொண்டிருந்த அந்த முகம் எதற்கோ தயாராக இருந்தது. இந்த வயதில், கண்ணும் இல்லாமல், ‘நீ தப்பாகப் படித்துவிட்டாய், உன் வாழ்க்கையே ஒரு தப்பான படிப்பில் நடந்துவிட்டது’ என்று அவளிடம் எப்படிச் சொல்வது? அந்த வாழ்க்கை என்பது யார்? தானல்லவா? தன் மகளல்லவா?

“‘நான் போய் வருகிறேன்’னு எழுதியிருக்கு” என்றார். “‘போய்’ங்கறதை முழுங்கிட்டேன். கையெழுத்து கோழிக் கிறுக்கல்.”

அவள் கையை நீட்டி அந்தப் பாதித் தாளின் ஓரத்தைத் தடவினாள். பிறகு, “ஆமா, அப்படித்தான் இருந்துச்சு” என்றாள். மடித்துப் பெட்டியில் வைத்து, கப்பலை மறுபடி ஏற்றச் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பஸ் நிலையத்துக்குக் கண்ணாடிக்காரரே போய் நின்றார். இறங்கியவர்களில் ஆளைக் கண்டுபிடிக்கக் கஷ்டமாகவே இல்லை. நெடு நெடுவென்று உயரம், உயரத்துக்கு வெட்கப்படுவது போல ஒரு கூன். மூக்குக் கண்ணாடியின் ஒரு பக்கக் கால் கழன்று, நூலால் கட்டியிருந்தது. கண்ணாடிக்காரருக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. “இதைப் போட்டுக்கிட்டு நீங்க என் வீட்டுக்கு வந்தா என் மானம் போயிடும், முதல்ல கடைக்கு வாங்க” என்று இழுத்துக்கொண்டு போனார். உண்மைக் காரணம் கண்ணாடி இல்லை என்பது அவருக்குத் தெரியும்.

லீவு நாள். ஷட்டரைப் பாதி மட்டும் தூக்கிவிட்டு, சோதனை நாற்காலியில் அவரை உட்கார வைத்தார். நூலை வெட்டி எடுத்துவிட்டு, பொருத்தமான ஸ்க்ரூவைத் தேடிக்கொண்டே, எதிரே பார்க்காமல் கேட்டார்.

“கடைசிக் கடிதத்துல ‘நான் வருகிறேன்’னு எழுதினீங்களே. அது எந்த வரேன்?”

கப்பல்காரருக்குக் கேள்வி புரியவில்லை. “வரேன்னா வரேன்தான். அதுல எந்த வரேன்னு என்ன இருக்கு? கப்பல்ல கணக்கை முடிச்சுட்டுக் கிளம்பிட்டேன். அதான் இனி எழுதாதேன்னு எழுதினேன்.”

“வந்தீங்களா?”

“வந்தேனே” என்றார் அவர்.

வழியில் ஒரு துறைமுகத்தில், அவர் ஏறி வந்த கப்பல் பழுதாகி மாதக்கணக்கில் கிடந்துவிட்டதாம். கடைசியில் ஊர் வந்து சேர்ந்து, அவள் தெருவுக்குள் நுழைந்தபோது, வாடகை நாற்காலிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்களாம். யாருக்குக் கல்யாணம் என்று வண்டிக்காரரிடம் கேட்டாராம், அவர் சொன்ன பெயர் அவளுடையதாம். ஓரமாகக் கிடந்த ஒரு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாராம்.

“சோடாப்புட்டி மாதிரி கண்ணாடி போட்ட ஒரு பையன் வந்தான். ஒரு நாற்காலி கொறையுதுன்னு வண்டிக்காரர் சண்டை பிடிக்கிறார், கொஞ்சம் எழுந்திரிங்கன்னான். எழுந்தேன். அப்படியே நடந்து போயிட்டேன்.”

கண்ணாடிக்காரர் கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தார். வண்டிக்காரரோடு போட்ட அந்தச் சண்டை அவருக்கு நன்றாக நினைவிருந்தது. புது மாப்பிள்ளை நாற்காலிக்காகத் தெருவில் நின்று மல்லுக்கட்டினான் என்று மச்சான் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார். அந்த நாற்காலியில் ஓர் ஆள் உட்கார்ந்திருந்தது வரைக்கும் நினைவிருந்தது. முகம்தான் நினைவில்லை. அவர் ஆளைப் பார்க்கவில்லை, நாற்காலியைத்தான் பார்த்தார்.

“அது நான்தான்” என்றார்.

கப்பல்காரர் நிமிர்ந்து பார்த்தார். கண்ணாடி இல்லாத கப்பல்காரருக்கு எதிரே இருந்தவர் மங்கலாகத்தான் தெரிந்திருப்பார். பிறகு கண்ணாடிக்காரர், அவள் அந்த வரியை எப்படிப் படித்தாள் என்பதைச் சொன்னார். நேற்றுத் தான் சேர்த்துப் படித்த ‘போய்’ உட்பட எல்லாவற்றையும் சொன்னார்.

கப்பல்காரர் எழுத்து அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். “கொஞ்ச நாள் பொறுக்க முடியலையான்னு அவளை எவ்வளவு திட்டியிருக்கேன் தெரியுமா?” என்றார். “எனக்கு வந்தவ நல்லவதான், போய்ச் சேர்ந்துட்டா. அவகிட்டகூட ஒரு நாள் இதைச் சொல்லி இவளைத் திட்டியிருக்கேன்.”

கண்ணாடிக்காரர் கையெடுத்துக் கும்பிடாத குறையாகக் கேட்டார். அவளிடம் சொல்ல வேண்டாம், அவளால் தாங்க முடியாது என்றார். பிறகு மனசாட்சி உறுத்தி, என்னாலும் தாங்க முடியாது என்பதையும் சேர்த்துக்கொண்டார். கப்பல்காரர் புதுக் கால் பூட்டிய கண்ணாடியை வாங்கி மாட்டிக்கொண்டு அவரை ஒரு தடவை நன்றாகப் பார்த்தார்.

“சரி. நான் ஓடிப்போனவனாவே இருந்துட்டுப் போறேன்” என்றார். “இத்தனை நாளும் அவளுக்கு நான் அப்படித்தானே.”

வீட்டில் அவள் தலையை வாரி, முகம் கழுவி, கதவுக்கு நேரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தாள். கப்பல்காரர் உள்ளே வந்து “எப்படி இருக்கீங்க?” என்றார். அந்த ‘நீங்க’ அவள் முகத்தில் லேசாக எதையோ செய்தது. கடிதம் முழுக்க ‘நீ’தான்.

கண்ணாடிக்காரர் தேநீர் போடுகிற சாக்கில் சமையலறைக்குப் போய்விட்டார். போனாரே தவிர, காது முழுக்க வெளியேதான் இருந்தது. பிள்ளைகள், வேலை, உடம்பு என்று பேச்சு ஓடியது. இறந்துபோன அவருடைய மனைவியைப் பற்றி அவள் அக்கறையாக விசாரித்தாள். தேநீர் வந்து, குடித்து முடிந்து, டம்ளர்கள் கீழே வைக்கப்பட்ட பிறகுதான் அதைக் கேட்டாள்.

“ஏன் விட்டுட்டுப் போனீங்க?”

“பயம்தான். உங்க அண்ணனுக்கு முன்னாடி வந்து நிக்க தைரியம் இல்ல. என்னை மன்னிச்சிடுங்க” என்றார் கப்பல்காரர். மனுஷன் பொய் சொல்லிப் பழகாதவர். ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவில் ஒரு மூச்சு விட்டார்.

அவள் அந்த மூச்சுகளையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். “மன்னிக்கிறதுக்கு என்ன இருக்கு?” என்றாள். “நான் நல்லாத்தான் இருந்தேன். இவர் என்னை நல்லா வெச்சுக்கிட்டார்.”

கண்ணாடிக்காரர் அதைக் கதவோரம் நின்று கேட்டார். எத்தனையோ நாள் கேட்க ஆசைப்பட்ட வார்த்தை. கேட்கக் கிடைத்த நேரத்தைப் பாருங்கள்.

கிளம்பும்போது கப்பல்காரர் வாசற்படியில் நின்று திரும்பினார். அதுவரை கட்டிக்காத்த ‘நீங்க’ அந்த இடத்தில் நழுவிவிட்டது.

“உடம்பைப் பார்த்துக்கோ” என்றார். “நான் வரேன்.”

வார்த்தை பிசகாமல் அந்தக் கடிதத்தின் கடைசி இரண்டு வரி. சொன்னவருக்கே அது சொன்ன பிறகுதான் புரிந்தது. கண்ணாடிக்காரர் தரையைப் பார்த்தார்.

அவள் கதவைப் பிடித்துக்கொண்டு, வெகு சாதாரணமான குரலில் கேட்டாள். “திரும்ப வருவீங்களா, இல்ல கிளம்புறீங்களா?”

கப்பல்காரர் கண்ணாடிக்காரரைப் பார்த்தார். அங்கே உதவி ஒன்றும் கிடைக்கவில்லை.

“கிளம்புறேன்மா” என்றார்.

“சரி” என்றாள். போயிட்டு வாங்க என்று சொல்லவில்லை.

பஸ் நிலையம்வரை இருவரும் நடந்தே போனார்கள். கண்ணாடிக்காரர் முண்டியடித்து ஏறி ஜன்னலோரத்தில் ஓர் இடம் பிடித்துக் கொடுத்தார். “உட்காருங்க, இந்தத் தடவை எழுப்ப மாட்டேன்” என்றார். தமாஷாகச் சொல்லத்தான் நினைத்தார். கப்பல்காரர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். வண்டி நகர்கிறவரை விடவில்லை.

வீட்டுக்குத் திரும்பியபோது அவள் அதே நாற்காலியில் இருந்தாள். மடியில் கப்பல். தானே முக்காலியில் ஏறி எடுத்திருக்கிறாள். விழுந்து வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவர் கத்தத் தொடங்கினார். அவள் கையைத் தூக்கி நிறுத்தினாள்.

“அதுல ‘போய்’ இல்லைங்க.”

அவர் அப்படியே கட்டிலில் உட்கார்ந்தார்.

“கண்ணு தெரிஞ்ச காலத்துல அதை எத்தனை தடவை படிச்சிருப்பேன்? எனக்கு ஒரு எழுத்துகூட மறக்கலை. மறந்துபோச்சுன்னு சொன்னது சும்மா.” அவள் கப்பலை மடியில் சரியாக வைத்துக்கொண்டாள். “கண்ணு போனப்புறம் தாளைப் பார்க்க முடியாதில்ல. அந்த வரி காதுக்குள்ளேயே சுத்திக்கிட்டு இருந்துச்சு. ஒரு நாள் திடீர்னு வேற மாதிரி கேட்டுச்சு. நமக்குத்தான் புத்தி பேதலிக்குதோன்னு நெனச்சேன். அதான், ஒண்ணும் தெரியாத வேற ஒருத்தர் படிச்சா எப்படி வருதுன்னு கேட்கணும்னு இருந்துச்சு.”

“நான் வேணும்னே...”

“முதல் தடவை நல்லாத்தான் படிச்சீங்க. ரெண்டாவது தடவை ஒரு ‘போய்’ சேர்த்தீங்க பாருங்க, அந்தப் பொய்யிலதான் எனக்கு நிச்சயமாச்சு.”

பிறகு அவள் கேட்டாள். “வந்தாரா?”

இனி மறைத்து ஆகப்போவது ஒன்றுமில்லை. கண்ணாடிக்காரர் எல்லாவற்றையும் சொன்னார். பழுதான கப்பல், தெரு, வண்டி, நாற்காலி. சோடாப்புட்டிக் கண்ணாடி போட்ட பையன் எழுந்திரிங்க என்று சொன்னதைச் சொல்லும்போது அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நாற்காலிக்காகவா, நாற்காலிக்காகவா என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே கை மேலே போய் வாயை மூடிக்கொண்டது. அவள் அப்படிச் சிரித்து அவர் அன்றுதான் பார்த்தார். மூடிய கைக்குள் அது எந்த இடத்தில் அழுகையாக மாறியது என்று அவரால் சொல்ல முடியாது. தோள் மட்டும் குலுங்கிக்கொண்டே இருந்தது.

அவர் பக்கத்தில் போகவில்லை. போகலாமா கூடாதா என்று தெரியவில்லை. இந்த அழுகையில் தனக்குப் பங்கு உண்டா என்றே தெரியவில்லை. சமையலறைக்குப் போய்க் காலி டம்ளர்களைக் கழுவினார். மூன்று டம்ளர்களையும் கழுவிய பிறகு மறுபடி முதலிலிருந்து கழுவினார்.

மறுநாள் காலை அவள் வழக்கம்போல எழுந்தாள், வழக்கம்போல அவருக்குச் சாப்பாடு எடுத்து வைத்தாள். கண் இமைகள் வீங்கியிருந்தன. கப்பல் பழையபடி அலமாரி உச்சியில் இருந்தது. யார் ஏற்றியது என்று அவர் கேட்கவில்லை.

வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு நின்றார். அந்த ஒற்றை வார்த்தைக்கு வாயைத் திறந்தார், வரவில்லை. இத்தனை வருஷம் நினைத்துப் பார்க்காமல் சொன்ன வார்த்தை இப்போது நாக்கில் ஏற மறுத்தது. அவள் கதவுவரை வந்து நின்றுகொண்டிருந்தாள்.

“கடைக்குப் போறேன்” என்றார்.

“அப்படிச் சொல்லாதீங்க.”

“வேற எப்படிச் சொல்லட்டும்?”

அவள் யோசித்தாள். தெருப் பக்கமிருந்து வந்த வெளிச்சத்துக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டு யோசித்தாள்.

“மத்தியானம் சாப்பிட வரேன்னு சொல்லுங்க” என்றாள்.

“மத்தியானம் சாப்பிட வரேன்” என்றார் கண்ணாடிக்காரர்.

அவள் தலையசைத்தாள். அவர் படியிறங்கித் தெருமுனை வரை போய்த் திரும்பிப் பார்த்தார். பார்க்க முடியாது என்று தெரிந்தும் அவள் கதவைப் பிடித்துக்கொண்டு அவர் போன பக்கமே நின்றிருந்தாள். அன்று கடையில் ஆள் கூட்டம். ஒரு மணி ஆனதும், சோதனை நாற்காலியில் உட்கார்ந்திருந்தவரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, ஷட்டரை இறக்கிப் பூட்டிக்கொண்டு அவர் வீட்டுக்கு ஓடினார்.